இடைநில்லாதவர்கள்: அயல்நாட்டு மாணவரும் பண்பாட்டுத் தகவமைவும்

1. கேள்வி

2023–24 கல்வியாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் 11,26,690 அயல்நாட்டு மாணவர்கள் இருந்ததாக ‘ஓபன் டோர்ஸ்’ ஆண்டறிக்கை கணக்கிட்டது. அவர்களில் 3,31,602 பேர் இந்தியர். 2009க்குப் பிறகு முதன்முறையாகச் சீனாவை இந்தியா முந்தியதும் அந்த ஆண்டில்தான். இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றிவருகின்றன: புதிய சூழலுக்கு இவர்கள் எவ்வளவு விரைவில் பழகிக்கொள்கிறார்கள்? பழகியவர் படிப்பை முடிப்பார், பழகாதவர் பாதியில் ஊர் திரும்புவார் என்ற அனுமானம் அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அந்த அனுமானத்தைச் சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை. மாணவர் படிப்பில் நீடிக்கிறாரா என்பது ஒன்று. அவர் அங்கே நலமாக இருக்கிறாரா என்பது வேறொன்று. முதலாவதைக் கல்லூரிகள் எண்ணுகின்றன. இரண்டாவதை எண்ணுவதில்லை, முதலாவதையே இரண்டாவதற்கும் சான்றாக வைத்துக்கொள்கின்றன. உள்நாட்டு மாணவரைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். அயல்நாட்டு மாணவர் விஷயத்தில் இது பிழை. அவர் நீடிப்பதைப் பண்பாடு தீர்மானிப்பதைவிடச் சட்டமும் கடனும் தீர்மானிப்பதே அதிகம் என்பது என் வாதம்.

2. வளைகோட்டின் வரலாறு

‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற கருத்தைப் பரவலாக்கியவர் மானுடவியலாளர் காலெர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனீரோவில் மகளிர் மன்றம் ஒன்றில் அவர் ஆற்றிய உரை 1960இல் அச்சேறியது. முதலில் மயக்கம், பிறகு வெறுப்பு, பிறகு மெல்லத் தேறுதல், இறுதியில் இயல்பாதல் என்ற படிநிலைகள் அங்கிருந்துதான் உலகெங்கும் உள்ள புதுமுக மாணவர் கையேடுகளுக்குள் வந்து சேர்ந்தன. அந்த உரையைக் கேட்டவர்கள் யார் என்பதை அந்தக் கையேடுகள் சொல்வதில்லை. அதிர்ச்சியின் அறிகுறிகளாக ஓபெர்க் அடுக்குபவற்றில் அடிக்கடி கை கழுவுதல், குடிநீரைப் பற்றிய மிகைக் கவலை, வேலையாட்கள் தொட்டுவிடுவார்களோ என்ற அச்சம் ஆகியவை உண்டு. வேலையாட்களை வைத்துக்கொள்ளும் வசதியுள்ளவர்களின் அனுபவம் அது. வேண்டாமென்றால் கப்பல் ஏறிவிடலாம் என்ற நிலையில் இருந்தவர்களின் அனுபவமும்கூட. இரவுப் பணியில் உணவகப் பாத்திரம் துலக்கும் முதுநிலை மாணவருக்கு அதை அப்படியே பொருத்துவதற்கு முன் ஆய்வாளர்கள் சற்று நிதானித்திருக்க வேண்டும்.

மாணவர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஓபெர்க் உரையாற்றிய அடுத்த ஆண்டிலேயே, 1955இல், வந்தது. அமெரிக்காவில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தங்கித் திரும்பிய நார்வேக்காரர் 200 பேரை ஸ்வெர்ரே லிஸ்கார்ட் நேர்கண்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியவர்கள் அவ்வாறு பொருந்தவில்லை. ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல இறங்கி ஏறும் வளைகோடு இப்படிப் பிறந்தது. 1963இல் கல்லஹார்ன் இணையர் ஊர் திரும்பிய பின் நேரும் இரண்டாவது சரிவையும் சேர்த்து, அதை ‘டபிள்யூ’ ஆக்கினார்கள்.

லிஸ்கார்ட் ஒரே மனிதரைப் பல கட்டங்களில் பின்தொடரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு மனிதர்களை ஒருமுறை விசாரித்து, அவர்களை வரிசைப்படுத்தி, அதை ஒரு மனிதனின் பயணமாக வாசித்தார். 1982இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆஸ்டின் சர்ச், வளைகோட்டுக்கு உள்ள ஆதாரம் பலவீனமானது என்றே முடிவுசெய்தார். 1998இல் காலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர் 35 பேரை, வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள்ளும் பிறகு 4, 6, 12 மாதங்களிலும் சோதித்தனர். தேனிலவு என்று சொல்லப்பட்ட தொடக்கக் கட்டத்தில்தான் மன உளைச்சல் உச்சத்தில் இருந்தது.

மாதிரி சிறியது, ஒரே நாட்டவர். ஆனாலும் அளந்த முறை லிஸ்கார்டினுடையதைவிட நேர்மையானது. அதோடு, வளைகோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது நமக்கு உதவாது. பிரிட்டனில் பாடவகுப்பு முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டாண்டு. லிஸ்கார்டின் கணக்குப்படி, பிரிட்டனுக்குப் போகும் மாணவர் பள்ளத்தில் இருக்கும்போதே பட்டம் வாங்கிவிடுகிறார். அமெரிக்காவுக்குப் போகிறவர் படிப்பின் ஏறத்தாழப் பாதியைப் பள்ளத்தில் கழிக்கிறார். அப்படியும் அவர்கள் முடிக்கிறார்கள் என்றால், முடிப்பதற்குக் காரணம் தகவமைவு அல்ல. வேறெதையோ தேட வேண்டும்.

3. டின்டோவின் மாதிரி

இடைநிற்றல் பற்றிய ஆய்வு இதற்கு இணையாக, தனித் தடத்தில் வளர்ந்தது. அதன் மையத்தில் இருப்பவர் வின்சென்ட் டின்டோ. 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எமீல் துர்க்கைமிடமிருந்து தொடங்குகிறார். சமூகத்தோடு பிணைப்பு தளரும்போது தற்கொலை பெருகுகிறது என்று துர்க்கைம் 1897இல் வாதிட்டிருந்தார். கல்லூரி என்ற சிறு சமூகத்தோடு பிணைப்பு தளரும்போது மாணவர் விலகுகிறார் என்று டின்டோ அதை விரித்தார். பிணைப்பு இரண்டு வகை: பாடம் சார்ந்தது, சமூகம் சார்ந்தது. 1987இல் வந்த நூலில் ஆர்னால்ட் வான் ஜென்னெப்பின் சடங்கியல் கோட்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலை, புதியதில் இணைதல் என்ற மூன்று கட்டங்கள் கல்லூரி வாழ்க்கைக்கும் பொருந்தும் என்றார்.

டின்டோவின் பங்களிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்கு முன் இடைநிற்றல் மாணவரின் மூளையில் அல்லது மனத்தில் உள்ள குறையாகவே பேசப்பட்டது. பார்வையை நிறுவனத்தின் பக்கம் திருப்பியவர் அவர். சிக்கல் அவர் எடுத்தாண்ட சடங்கில் இருக்கிறது. 1992இல் வில்லியம் டியர்னி அதைத் துல்லியமாகச் சுட்டினார்: வான் ஜென்னெப் விவரிக்கும் சடங்குகள் ஒரே பண்பாட்டுக்குள் நிகழ்பவை. தன் இனக்குழுவின் பருவச் சடங்கில் யாரும் ‘தோற்று வெளியேறுவது’ கிடையாது. அமெரிக்கப் பூர்வகுடி மாணவர் ஒரு வெள்ளையர் கல்லூரிக்குள் நுழைவதைச் சடங்கு என்று சொன்னால், ஒரு பண்பாட்டவர் இன்னொரு பண்பாட்டின் சடங்குக்குள் தள்ளப்படுவதை இயல்பாக்கிவிடுகிறோம். ஊரையும் வீட்டையும் விட்டுப் பிரிந்தால்தான் தேற முடியும் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறோம்.

டின்டோ பின்வாங்கினார் என்றே சொல்லலாம். 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் கல்லூரிக்கு வெளியே உள்ள குடும்பம், வேலை முதலிய பிணைப்புகளுக்கும் மாதிரியில் இடம் கொடுத்தார். ஆனால் நிர்வாகங்கள் எடுத்துக்கொண்டது பழைய பகுதியை மட்டுமே. ‘கலந்து பழகுங்கள், மன்றங்களில் சேருங்கள், தயக்கத்தை விடுங்கள்’ என்ற அறிவுரைகள் எல்லாம் அதன் எளிய வடிவங்கள். முயற்சி முழுவதும் மாணவருடையது. 1994இல் லாரா ரெண்டோன் இதற்கு எதிர்த்திசையில் பேசினார்: குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடம் போய்ப் பேச வேண்டியவர் ஆசிரியர், மாணவர் கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு குறையை யாரும் போதிய அளவு பேசவில்லை. இந்தக் கோட்பாடுகள் எல்லாம் பதினெட்டு வயதில் விடுதியில் சேரும் இளநிலை மாணவரை மனத்தில் வைத்து எழுந்தவை. மேலே சொன்ன ‘ஓபன் டோர்ஸ்’ கணக்கில் இந்தியர்களில் இளநிலை மாணவர் 36,053 பேர் மட்டுமே. முதுநிலையிலும் ஆய்விலும் இருந்தவர்கள் 1,96,567 பேர். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவரங்களில் அயல்நாட்டவரின் ஆறாண்டுப் பட்டம் முடிப்பு விகிதம் மொத்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருந்து வந்திருக்கிறது. அதுவும் இளநிலைக் கணக்குதான். நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் அதில் வருவதே இல்லை.

4. பழைய சான்றுகள் சில

கோட்பாடுகளை உரசிப்பார்க்கப் புள்ளிவிவரம் மட்டும் போதாது. விரிவாகப் பதிவான சில வாழ்க்கைகள் நம்மிடம் உள்ளன.

1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற யுங் விங்கின் முயற்சியால், 1872 முதல் 1875 வரை நான்கு தொகுதிகளாகச் சீன அரசு 120 சிறுவர்களைக் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டை மையமாகக் கொண்டு அனுப்பியது. அவர்கள் நியூ இங்கிலாந்துக் குடும்பங்களில் தங்கிப் படித்தனர். பேஸ்பால் ஆடினர். சிலர் சடையை வெட்டிக்கொண்டனர், சிலர் கிறித்தவராயினர். தகவமைவு ஆய்வாளர் எவரும் மனநிறைவோடு மதிப்பெண் போடக்கூடிய மாணவர்கள். பதினைந்து ஆண்டுக் காலத் திட்டம் 1881இலேயே கலைக்கப்பட்டு எல்லோரும் திரும்ப அழைக்கப்பட்டனர். பிள்ளைகள் அளவுக்கு மீறி அமெரிக்கராகிவிட்டார்கள் என்று பெய்ஜிங்கில் எழுந்த புகார் ஒரு காரணம். வெஸ்ட் பாயிண்ட், அன்னபோலிஸ் படைக் கல்லூரிகளில் சீனருக்கு இடமில்லை என்று அமெரிக்கா மறுத்தது இன்னொரு காரணம். மறு ஆண்டே சீனர் விலக்குச் சட்டம் வந்தது. திரும்ப அழைக்கப்படுமுன் பட்டம் முடித்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களில் ஒருவரான ஜான் தியன்யோ பிற்காலத்தில், 1905–1909இல், பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ இருப்புப்பாதையை அமைத்தார். மீதிப் பேரில் பெரும்பாலோர் இடைநின்றவர்கள். அவர்களை இடைநிறுத்தியது பழகாமை அல்ல, பழகியமை. இரு அரசுகளின் முடிவுக்கு நடுவே அவர்களுடைய தனிப்பட்ட திறமைக்கு எந்த மதிப்பும் இல்லாமல்போனது.

ஆனந்திபாய் ஜோஷி இதற்கு நேர்மாறு. 1883இல் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறுமுன் சேராம்பூரில் பேசியபோது, இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் புடவையும் சைவ உணவும் மாறாமல் படித்தார். ஜப்பானின் கெய் ஓகாமி, சிரியாவின் சபத் இஸ்லாம்பூலி ஆகியோருடன், மூவரும் தத்தம் நாட்டு உடையில், 1885இல் எடுத்துக்கொண்ட படம் இன்றும் கிடைக்கிறது. மூவரும் பட்டம் பெற்றனர். ஆனந்திபாய் 1886 மார்ச்சில் மருத்துவரானார். 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையுமுன், காசநோயால் இறந்தார். கல்லூரிப் பதிவேட்டின்படி அவர் வெற்றி. அவர் உடல் கொடுத்த விலைக்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

இராமானுஜனின் கதை தமிழருக்குப் பழக்கமானது. ஆனாலும் இந்தக் கேள்வியை வைத்து நாம் அதைப் படித்ததில்லை. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தவர் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜில் ஆய்வின் வழியே பட்டம் பெற்றார். பாடம் சார்ந்த பிணைப்பில் அவருக்கு மேல் எவரும் இருந்திருக்க முடியாது, கணித மேதை ஹார்டியே உடனிருந்தார். சமூகம் சார்ந்த பிணைப்போ கல்லூரியின் உணவுக்கூடத்தில் நிகழ்வது. சைவ உணவுக்காரரான அவர் அங்கே உண்ணவில்லை. அறையில் தாமே சமைத்தார். போர்க்காலத்தில் காய்கறியும் அரிதாயிற்று. 1917இல் நோயில் விழுந்தார். 1918இல் லண்டன் சுரங்க ரயிலின் தண்டவாளத்தில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். 1920 ஏப்ரல் 26இல், சென்னையில், 32 வயதில் இறந்தார். நீடித்தலுக்கும் நலத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை. துர்க்கைமின் தற்கொலைக் கோட்பாட்டிலிருந்து கிளைத்த மாதிரியில்கூட இந்த மனிதருக்கு இடமில்லை: அவர் விலகவே இல்லை.

இதே உணவுச் சிக்கலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இன்னொரு மாணவர் சந்தித்தார். காந்தி சேர்ந்த இன்னர் டெம்பிளில் வழக்கறிஞராவதற்குத் தேர்வு எழுதுவதோடு, பன்னிரண்டு பருவங்களில் பருவத்துக்குக் குறைந்தது ஆறு விருந்துகளில் உட்கார வேண்டும். அவரும் ஒரு பார்சி மாணவரும் சைவ உணவு கேட்டு விண்ணப்பித்தனர், கிடைத்தது. மூத்தவர்களின் மேசைக்குரிய பழங்களும் காய்கறிகளும் அவர்களுக்கு வந்தன. மது அருந்தாதவர் என்பதால், அவர் பங்கு தங்களுக்கு மிஞ்சும் என்று சக மாணவர்கள் அவரைத் தங்களோடு உட்கார அழைத்தனர். வெளியிலும் அவருக்கு ஆங்கிலேய நண்பர்களைக் கொடுத்தது சைவ உணவாளர் சங்கமே. தாயிடம் செய்த சத்தியத்தைக் கைவிட்டு அவர் ஆங்கிலச் சமூகத்துக்குள் நுழையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நுழைந்தார். அவருடைய உறுதி அதற்கு ஒரு காரணம். சாப்பாட்டு மேசையை மாற்ற அந்த நிறுவனம் சம்மதித்தது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைத் தகவமைவு ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

5. ஒரே ஒரு பருவம்

இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறினால் ‘அரியர்’ வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். அவமானம் உண்டு, ஆனால் எல்லைக்கு வெளியே யாரும் துரத்துவதில்லை. எஃப்-1 விசாவில் அமெரிக்கா செல்பவர் நிலை வேறு. 2003 முதல் அவருடைய சேர்க்கை, பாடச்சுமை, முகவரி எல்லாம் ‘செவிஸ்’ என்ற கணினித் தொகுப்பில் அரசின் கண்முன் இருக்கின்றன. இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அனுமதியின்றி அதற்குக் கீழே இறங்கினால் விசா நிலை முறிகிறது. அனுமதி பெற்றுப் படிப்பிலிருந்து விலகினால் நாட்டை விட்டு வெளியேற 15 நாள்.

அந்த விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை புரியாமை, தகுதிக்குப் பொருந்தாத வகுப்பில் சேர்க்கப்பட்டமை ஆகிய காரணங்களால் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள அனுமதி பெறலாம். ஒரு படிப்பு நிலைக்கு ஒரே ஒரு முறை. அடுத்த பருவத்திலேயே முழுச்சுமைக்குத் திரும்ப வேண்டும். எழுபதாண்டுக் கால ஆய்வு, வளைகோடு, படிநிலைகள் எல்லாம் ஒருபுறம் இருக்க, பண்பாட்டுத் தகவமைவுக்குச் சட்டம் ஒதுக்கியிருக்கும் காலம் ஒரு செமஸ்டர். மருத்துவக் காரணத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை உண்டு. அதற்கும் மருத்துவர் சான்று வேண்டும். மனம் சோர்ந்த மாணவர் தன் சோர்வை நோயாக நிறுவ வேண்டும், இல்லையேல் வகுப்பில் உட்கார வேண்டும்.

இந்த நிலையில் நீடிப்பவர்களின் எண்ணிக்கை உயர்வாக இருப்பது வியப்பல்ல. உள்நாட்டு மாணவர் ஓராண்டு விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், அருகில் உள்ள மலிவான கல்லூரிக்கு மாறலாம், மனம் தேறித் திரும்பலாம். அயல்நாட்டு மாணவருக்கு இந்த இடைவழிகள் எல்லாம் மிகக் குறுகியவை, சில முற்றாக அடைபட்டவை. அவருக்கு முன்னால் இருப்பவை பெரும்பாலும் இரண்டே: நீடிப்பது, நாட்டை விட்டுப் போவது. வழிகளை அடைத்துவிட்டு, நிற்பவரைப் பார்த்து ‘நன்கு பொருந்தியிருக்கிறார்’ என்று எழுதுவது ஆய்வு நேர்மை ஆகாது.

பெருந்தொற்றுக் காலம் இதை வெட்டவெளிச்சமாக்கியது. 2020 ஏப்ரல் 3இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் சொந்த நாடு திரும்பலாம் என்றார். அரசின் ஊதிய உதவியில் அயல்நாட்டு மாணவர் சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு ஜூலை 6இல், வகுப்புகள் முழுவதும் இணையவழி ஆகிவிட்டால் மாணவர் வெளியேற வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குத் தொடர்ந்தன. ஜூலை 14இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த எட்டு நாளும் லட்சக்கணக்கான மாணவர்கள் பெட்டியைக் கட்டுவதா என்று தெரியாமல் இருந்தார்கள். அவர்களில் பத்தாண்டு அங்கேயே வாழ்ந்து எல்லாவற்றுக்கும் பழகிவிட்டவர்களும் இருந்தார்கள். பழக்கம் அவர்களுக்கு எந்தக் காப்பும் தரவில்லை.

6. துணையும் தனிமையும்

சொந்த நாட்டவரோடு மட்டும் கூடிக்கொள்கிறார்கள் என்பது அயல்நாட்டு மாணவர் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. ஸ்டீஃபன் பாக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் ஹவாயில் செய்த ஆய்வு இதற்கு அமைதியான பதிலை முன்வைத்தது. சொந்த நாட்டு நண்பர்கள், உள்ளூர் நண்பர்கள், பிற நாட்டு மாணவர் நண்பர்கள் என மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைக்கானது. தன் பண்பாட்டை வாழ்ந்துகொள்ள முதல் வட்டம், படிப்பும் தொழிலும் சார்ந்த உதவிக்கு இரண்டாவது, பொழுதுபோக்குக்கு மூன்றாவது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

2008இல் எர்லெனவாட்டி சாவிர், சைமன் மார்ஜின்சன் முதலியோர் ஆஸ்திரேலியாவில் 200 மாணவர்களை நேர்கண்டு வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினர் தனிமையை உணர்ந்ததாகச் சொன்னார்கள். குடும்பத்தைப் பிரிந்த தனிமை ஒன்று, நண்பரில்லாத தனிமை ஒன்று; மொழியும் பழகிய சூழலும் இல்லாததால் வரும் தனிமை மூன்றாவது. சொந்த நாட்டவர் சூழ இருந்தாலும் இந்த மூன்றாவது தீர்வதில்லை என்று அவர்கள் கண்டது முக்கியமானது. ‘கலந்து பழகினால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இங்கே வலுவிழக்கிறது.

கலந்து பழக மறுப்பது எப்போதும் வந்தவர்தானா என்பதும் கேட்கப்பட வேண்டும். 2007இல் ஜென்னி லீயும் சார்லஸ் ரைஸும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஐரோப்பா, கனடா, நியூசிலாந்திலிருந்து வந்தவர்கள் பெரிய சிரமம் எதையும் சொல்லவில்லை. மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா, கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் புறக்கணிப்பையும் இழிவையும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே வளாகத்துக்குப் புதியவர்கள்தான். 2009 மே இறுதியில், தாக்குதல்களுக்கு எதிராக மெல்போர்ன் நகர மையத்தில் உட்கார்ந்த இந்திய மாணவர்கள் ஆஸ்திரேலியப் பண்பாடு புரியாமல் உட்காரவில்லை. இரவு வேலை முடித்துப் புறநகர் ரயிலில் வீடு திரும்பும்போது அடிபட்டவர்களுக்காக உட்கார்ந்தார்கள்.

7. வீட்டுப் பத்திரம்

டின்டோ பின்னர் சேர்த்த ‘வெளிப் பிணைப்பு’ என்பது நம் சூழலில் பெரும்பாலும் ஒரு வங்கி ஆவணம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் என்றால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டு முதுநிலைப் படிப்பு அந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. ஆகவே தந்தையின் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வங்கிக்குப் போகிறது. உறவுக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பிள்ளை படிப்பை விட்டு வருவதென்றால், பட்டமில்லாமல் மட்டும் வருவதில்லை. மீட்க முடியாத பத்திரத்தோடு வருகிறது.

இது உந்துதலாகவும் வேலை செய்கிறது என்பதை மறுக்க முடியாது. குடும்பத்தின் தியாகத்தை நினைத்து நள்ளிரவு வரை படித்து முன்னேறியவர்கள் ஏராளம். அந்தப் பிணைப்பைச் சுமை என்று மட்டும் சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் அதே பிணைப்பு வாயை அடைக்கவும் செய்கிறது. ‘சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு’ என்று அம்மா கேட்கும் வாட்ஸ்அப் அழைப்பில், தேர்வில் தவறியதையோ மூன்று வாரமாகத் தூக்கம் வராததையோ சொல்ல இடமில்லை. கடன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகிறது அந்த மௌனம். ஆலோசகரைப் பார்க்கலாம் என்றால், அது எங்கேனும் பதிவாகி விசாவுக்கு இடையூறாகுமோ என்ற அச்சம் வேறு. இத்தகைய மாணவரைத் ‘தகவமைவுக் குறைபாடு உள்ளவர்’ என்று ஒரு வினாத்தாளின் மதிப்பெண்ணைக் கொண்டு வகைப்படுத்துவது அவர் நிலையைப் புரிந்துகொள்ள எவ்வகையிலும் உதவாது.

2014இல் மார்ஜின்சன் ‘தகவமைவு’ என்ற சட்டகத்தையே கைவிடச் சொன்னார். அயல்நாட்டு மாணவர் குறையுள்ளவர் அல்லர், தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்பவர் என்பது அவர் வாதம். மாணவரின் கண்ணியத்தை மீட்டுத்தரும் வாதம் என்பதால் அது எனக்கு உவப்பானது. ஆயினும் முழுமையாக ஏற்க முடியவில்லை. தன்னை உருவாக்கிக்கொள்ள மனிதருக்குத் தவறு செய்யவும் நின்று யோசிக்கவும் அவகாசம் வேண்டும். 12 கிரெடிட்டும் வாரத்துக்கு 20 மணி நேர வேலையும் மாதத் தவணையும் அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகின்றன.

8. நம் வளாகங்களில்

இதுவரை சொன்னதைத் தமிழ் வாசகர் அனுப்புகிறவரின் இடத்திலிருந்து படித்திருப்பார். நாம் வரவேற்கிற இடத்திலும் இருக்கிறோம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் இந்தியாவில் 46,878 அயல்நாட்டு மாணவர் படித்தனர். அவர்களில் நேபாளத்தவர் ஏறத்தாழ 28 விழுக்காடு. ‘ஸ்டடி இன் இந்தியா’ என்ற திட்டத்தை மத்திய அரசு 2018இல் தொடங்கி மேலும் பலரை அழைக்கிறது. 2016 ஜனவரியில் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் அடித்தது. மெல்போர்னுக்காகக் கொதித்த நம் நாளிதழ்கள் இவற்றுக்காக அந்த அளவு கொதிக்கவில்லை. ஆப்பிரிக்க மாணவருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில் உள்ள பாடு நம் நகரங்களில் எல்லோரும் அறிந்தது. அதைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அவர்கள் அதிர்வது நம் பண்பாட்டைக் கண்டு அல்ல, நம் மறுப்பைக் கண்டு.

ஆகவே இரு தரப்பிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர், பல்கலைக்கழகத்தின் தரவரிசையைக் கேட்பதோடு, ஒரு பாடத்தில் தவறினால் என்ன ஆகும், உடலோ மனமோ நலிந்தால் எத்தனை மாதம் விடுப்பு, அப்போது விசாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தவறினால் திரும்பி வரலாம் என்பதைப் பிள்ளையிடம் விமான நிலையத்தில் அல்ல, கடன் விண்ணப்பம் போடும் நாளிலேயே சொல்ல வேண்டும். அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், சேர்ந்தவர் தொகையோடு படிப்பை முடித்தவர், இடையில் விலகியவர், விலகிய காரணம் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விடுதியில் என்ன சமைப்பது என்பதை அவர்களையும் உட்கார வைத்து முடிவுசெய்ய வேண்டும். லண்டனில் ஒரு சட்டக் கல்விக்கூடம் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இரண்டு இந்திய மாணவர்களின் விண்ணப்பத்தை ஏற்று இதைச் செய்தது.